தோற்ற மறுநாள் ஓடவிட்டால் அணி திருந்துமா?

தம்பி கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2022 ஓகஸ்ட் 13ஆம் திகதி இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக்கில் மன்செஸ்டர் யுனைட்டட் பிரென்ட்ஃபோர்டிடம் 4-0 என்று தோற்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீரர்களுக்குக் கொடுத்திருந்த ஓய்வை ரத்துச் செய்த முகாமையாளர் எரிக் டென் ஹாக், அவர்களைப் பயிற்சி மைதானத்துக்கு வரச்சொல்லி 13.8 கிலோமீற்றர் ஓடவைத்தார். முந்தைய நாள் பிரென்ட்ஃபோர்ட் அணி மொத்தமாக யுனைட்டட்டை விட எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடியதோ, அதே கணக்கு. அந்த வாரம் இங்கிலாந்தில் வெப்ப எச்சரிக்கை வேறு விடுத்திருந்தார்கள்.

அந்த ஓட்டத்தைப் பற்றி திருகோணமலையில் யுனைட்டட் ஆதரவாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் தோற்றாலும் "ஓடவிடணும், அப்பத்தான் புத்தி வரும்" என்று ஒருவர் தொடங்குவார். "அவங்களும் மனுசர்தானே" என்று இன்னொருவர் மறிப்பார். இப்போது கதை நம்மூருக்கே வந்துவிட்டது. இங்கே ஒரு கழகத்தின் பயிற்றுவிப்பாளர், ஞாயிற்றுக்கிழமை தோற்ற பொடியன்களைத் திங்கள் பின்னேரம் பந்தே தராமல் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாராம். கேட்டதற்கு டென் ஹாக்கின் கதையைச் சொன்னாராம். "அது சரியா அண்ணா? லிவர்பூலை அடுத்த மட்சில் வென்றார்கள்தானே?" என்பதுதான் தம்பியின் கேள்வி.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஓடியதால் யுனைட்டட் லிவர்பூலை வெல்லவில்லை. டென் ஹாக் அன்று செய்ததைப் பயிற்சி என்று எடுத்தால் அது பிழையான பயிற்சி. புதிதாக வந்த முகாமையாளர் தன் வீரர்களுக்குச் சொன்ன ஒரு செய்தி என்று எடுத்தால், ஒரே ஒரு முறைக்கு அதில் நியாயம் உண்டு. அதையே நம்மூர் வெயிலில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் செய்வது ஆபத்து. அதை நான் எந்த நிபந்தனையோடும் ஏற்கமாட்டேன்.

பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலு கோலும் முதல் 35 நிமிடத்துக்குள் விழுந்தவை. 10ஆவது நிமிடத்தில் ஜோஷ் டசில்வா தூரத்தில் இருந்து அடித்த சாதாரண அடி, கோல் காப்பாளர் டி ஹேயாவின் கைக்குக் கீழால் நழுவி உள்ளே போனது. 18ஆவது நிமிடத்தில் அதே டி ஹேயா, எதிரணி வீரர் முதுகோடு ஒட்டி நின்ற எரிக்சனுக்குப் பெனால்டிப் பெட்டிக்கு முன்னால் குறும்பந்து, அதாவது கிட்டத்தில் நிற்பவருக்கான பாஸ், கொடுத்தார். ஜென்சன் பறித்து அடித்தார். 30ஆவது நிமிடத்தில் கார்னர். பந்து இரண்டாம் முறை கோலுக்கு முன்னால் வந்தபோது பென் மீயைப் பிடிக்க ஆளில்லை. 35ஆவது நிமிடத்தில் யுனைட்டட் எல்லோரும் முன்னேறி நின்ற நேரம் ஒரு எதிர்த்தாக்குதல். டோனி கொடுத்த நீளப் பந்தை எம்பெமோ முடித்துவைத்தார்.

இதில் எந்தக் கோலை மறுநாள் ஓட்டம் திருத்தும்? முதலாவது கை நழுவியது. இரண்டாவது, அழுத்தம் வரும் என்று தெரிந்தும் பின்னால் இருந்து குறும்பந்து கட்ட முயன்ற திட்டத்தின் கோளாறு. மூன்றாவது ஆள்பிடிப்பில் வந்த ஓட்டை. நாலாவதில் மட்டும் பின்னோக்கி ஓடாத குற்றம் கொஞ்சம் இருக்கிறது. அங்கேயும் முதல் பிழை, பந்தை இழக்கும் நேரத்தில் பின்னால் யார் நிற்பது என்று தீர்மானிக்காதது. அன்று எனக்குக் கோபம் வந்தது அந்த இரண்டாவது கோலுக்குத்தான். ஒரு வாரம் முன்னர் பிரைட்டனிடம் 2-1 என்று தோற்றபோதே தெரிந்த பலவீனம் அது.

அடுத்து அந்த 13.8 என்ற எண். எல்லோரும் இதைச் சொல்லும் விதத்தைக் கேட்டால், ஒவ்வொரு பிரென்ட்ஃபோர்ட் வீரனும் யுனைட்டட் வீரனை விடப் பதின்மூன்று கிலோமீற்றர் கூட ஓடினான் போல இருக்கும். ஒரு முழு ஆட்டத்திலேயே நல்ல மட்டத்தில் உள்ள வெளிக்கள வீரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீற்றர்தான் ஓடுவார். 13.8 என்பது முழு அணியின் வித்தியாசம். பதினொரு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் கிலோமீற்றர். அதாவது ஆளுக்கு ஒன்றேகால் கிலோமீற்றர் குறைத்து ஓடியதற்கு ஆளுக்கு 13.8 ஓடினார்கள். கணக்காகப் பார்த்தால் இது பொருந்தவே பொருந்தாது. உறைக்கவேண்டும் என்பதற்காகத் தெரிந்தெடுத்த எண் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று பந்து பெரும்பாலும் யுனைட்டட் வீரர்களின் காலில்தான் கிடந்தது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை விட்டுக்கொடுத்து, இடத்தை மூடி மூடி ஓடும். பந்து வைத்திருக்கும் அணி அவ்வளவு ஓடாது. ஆகவே தூரத்தை மட்டும் வைத்து "இவங்கள் சோம்பேறி, அவங்கள் உழைப்பாளி" என்று தீர்ப்பு எழுதமுடியாது. எவ்வளவு தூரம் என்பதை விட, எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. பந்து பறிபோன அந்த நாலைந்து விநாடியில் முழு வேகத்தில் திரும்புவது வேறு விடயம். மைதானத்தைச் சுற்றி ஒரே கதியில் பதின்மூன்று கிலோமீற்றர் ஓடுவது அதைக் கற்றுத்தராது.

சரி, லிவர்பூல் ஆட்டத்துக்கு வருவோம். ஓகஸ்ட் 22, நமக்கு விடிந்தால் செவ்வாய், நள்ளிரவு தாண்டி 12.30 மணி. அந்த ஆட்டத்தில் ரொனால்டோவும் மக்வயரும் வாங்கில் இருந்தார்கள். பின்வரிசைக்கு வரானும் மலாசியாவும் வந்தார்கள். நடுவில் மக்டொமினே, ஓரத்தில் எலங்கா. முக்கியமாக, டி ஹேயா குறும்பந்து விளையாட்டைக் குறைத்துவிட்டு நீளமாக அடித்தார். முன்வரிசையில் ஓடக்கூடிய கால்கள் இருந்தபடியால் அந்த நீளப் பந்துக்கு அர்த்தம் வந்தது. 16ஆவது நிமிடத்தில் சான்சோ, 53ஆவது நிமிடத்தில் ரஷ்ஃபோர்ட். லிவர்பூலின் சலா ஒன்று திருப்பினார், 2-1. டென் ஹாக் ஆட்களை மாற்றினார், திட்டத்தை மாற்றினார், வென்றார். ஓட்டத்தின் கதை மட்டும் ஊரெல்லாம் பரவியது, ஏனென்றால் அதைச் சொல்வது சுலபம். கோல் காப்பாளரின் உதை எங்கே விழுந்தது என்று தேத்தண்ணிக் கடையில் கதைத்தால் யார் நின்று கேட்பார்கள்?

டென் ஹாக்கின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அவர் வந்து இரண்டாவது லீக் ஆட்டம் அது. முந்தைய பருவம் முழுக்க அந்த அணி கை தொங்கி நின்றதை உலகமே பார்த்தது. "இனி இப்படி விளையாடினால் விடமாட்டேன்" என்று முதல் மாதத்திலேயே சொல்லாவிட்டால் பிறகு சொல்லியும் பிரயோசனமில்லை. அதை விடப் பெரிய விடயம், அவர் நிழலில் நின்று விசில் ஊதவில்லை. வீரர்களோடு சேர்ந்து தானும் ஓடினார். திட்டம் தன்னுடையது, தோல்வியில் தனக்கும் பங்கு உண்டு என்பதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார். நம்மூரில் அந்தக் கதையைச் சொல்லிப் பொடியன்களை ஓடவைப்பவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தருகிறது. தண்டனையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் கோபம்தான்.

அந்த ஓட்டம் அவர்களை நிரந்தரமாக மாற்றிவிட்டது என்பதும் உண்மையில்லை. அதே பருவத்தில் யுனைட்டட் மூன்றாம் இடம் வந்தது, லீக் கிண்ணத்தையும் எடுத்தது, உண்மைதான். அதே பருவத்தில்தான், 2023 மார்ச் 5இல், அன்ஃபீல்டில் அதே லிவர்பூலிடம் 7-0 என்று தோற்றது. ஓடியதால் வந்த மனவுறுதி என்றால் ஏழு மாதத்தில் அது எங்கே போனது?

நம்மூர்க் கதைக்கு வரமுன் ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டென் ஹாக்கின் வீரர்களுக்கு அந்த ஓட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் எட்டு நாள் இருந்தது. பக்கத்தில் மருத்துவர்கள், உடற்பயிற்சி நிபுணர்கள், குளிர்நீர்த் தொட்டி, தேவையான சாப்பாடு. நம்முடைய பொடியன்களுக்கு ஞாயிறு ஒரு ஆட்டம், புதன் அல்லது வியாழன் அடுத்த சுற்று. ஒருவன் காலையில் கொத்தனாரோடு வேலைக்குப் போய் வருகிறான். ஒருவன் விடியப்புறம் கடலுக்குப் போய் வலை இழுத்தவன். இன்னொருவன் பள்ளிக்கூடம் முடிந்து டியூஷனும் முடித்து, ஒரு பிளேன்டீயும் பணிசும் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வருகிறான். இவர்களின் உடம்பு பின்னேரம் நாலரைக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை.

ஒரு முழு ஆட்டம் விளையாடிய மறுநாள் உடம்பில் என்ன நடக்கிறது? தசைக்குள் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஓடுவதற்கு அதுதான் எரிபொருள். ஆட்டத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரும்ப நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டால்கூட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வேகமாக ஓடிச் சடாரென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் தசைநார்களில் நுண்ணிய கிழிவுகள் ஏற்படும். ஆட்டம் முடிந்த இரவை விட அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கால் கூட நோவது அதனால்தான். முழு வேக ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்ப 72 மணித்தியாலம்வரை எடுக்கலாம். ஆகவேதான் பெரிய கழகங்களில் ஆட்டத்துக்கு மறுநாள் மெல்லிய ஓட்டம், சைக்கிள், நீச்சல், தடவல் என்று முடித்துவிடுவார்கள். அந்த நாளில் நீண்ட ஓட்டம் ஓடினால் உடம்பு பலம் பெறாது. இருக்கிறதும் போகும். தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். வியாழக்கிழமை ஆட்டத்தில் இருபதாவது நிமிடம் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அது திங்கட்கிழமை தொடங்கிய காயம்.

"மகாத் அப்படித்தானே செய்தார்" என்று ஒரு நண்பர் வாதாடினாராம். நல்ல உதாரணம்தான், முழுக்கதையையும் பார்ப்போம். ஜேர்மன் முகாமையாளர் ஃபீலிக்ஸ் மகாத் கடும் பயிற்சிக்குப் பெயர்போனவர். கனமான பயிற்சிப் பந்துகளைத் தூக்கவைப்பார், வொல்ஃப்ஸ்பேர்க்கில் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் மண்மேடே கட்டி ஏறி இறங்க வைத்தார். 2009இல் அந்த அணி முதல் தடவையாக ஜேர்மன் லீக்கை வென்றது. ஆனால் அது பருவம் தொடங்குமுன் இருந்தே கட்டி எழுப்பிய உடற்தகுதி. எடின் ஜெக்கோ, கிரஃபிட்டே என்ற இரண்டு கோல்வேட்டைக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அதே மகாத் 2014இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமுக்குப் போனார். அந்த அணி தரமிறங்கியது, அடுத்த பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவரையும் அனுப்பிவிட்டார்கள். முறை ஒன்றுதான், முடிவு வேறு.

இதில் எனக்கு மிகப் பிடித்த கதை, கழகங்களுக்கான 1980 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். ஒரு பக்கம் ஹம்பேர்க். அவர்களின் பயிற்றுவிப்பாளர் பிராங்கோ செபெக், வீரர்களைக் கசக்கிப் பிழிவதில் அந்தக் காலத்தில் பேர் எடுத்தவர். அந்த அணியின் நடுக்களத்தில் விளையாடிய ஒருவர் யார் தெரியுமா? நாம் இவ்வளவு நேரம் பேசிய மகாத். மறுபக்கம் பிரையன் கிளஃபின் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட். இறுதியாட்டத்துக்கு முந்திய வாரம் கிளஃப் தன் வீரர்களை மயோர்க்காத் தீவுக்குக் கூட்டிப்போய் ஓய்வெடுக்கவைத்தார். மட்ரிட்டில் ஆட்டம். ஜோன் ரொபேர்ட்சன் அடித்த ஒரே கோலில் ஃபொரஸ்ட் வென்றது, அதுவும் தொடர்ந்து இரண்டாவது வருடமாக. ஒரு ஆட்டத்தை வைத்து ஓய்வே பெரிது என்று நான் சொல்லவரவில்லை. நீண்ட பருவம் ஒன்றின் கடைசியில் தன் வீரர்களுக்கு என்ன தேவை என்பதைக் கிளஃப் அறிந்திருந்தார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்கு முகாமையாளராக இருந்த பியெல்சாவைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். லீட்ஸில் அவர் வைத்த கடும்பயிற்சி, பந்து வெளியே போனாலும் நிற்காமல் தொடர்ந்து விளையாடும் ஆட்டம். கடினம்தான், ஆனால் அது பந்தோடு, ஆட்டத்துக்குள், வாரத்தின் குறித்த நாளில் நடந்தது. தோற்றதற்காக நடந்ததில்லை. அந்த முறையோடுதான் 2020இல் 16 வருடத்துக்குப் பிறகு லீட்ஸ் முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2022 பெப்ரவரியில் கோல்களாக வாங்கிக் குவித்து அவர் வெளியேறவேண்டி வந்ததும் உண்மை. அதே 2022 ஜூலையில் டொட்டன்ஹாமின் அப்போதைய முகாமையாளர் கொன்டே, தென்கொரியாவின் சோலில் தன் வீரர்களை ஓடவிட்டபோது ஹரி கேன் வாந்தி எடுத்த காட்சியும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது பருவத்துக்கு முந்திய பயிற்சி, லீக் ஆட்டங்களுக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பருவத்தை டொட்டன்ஹாம் எட்டாம் இடத்தில்தான் முடித்தது. மார்ச்சிலேயே கொன்டே போய்விட்டார்.

இனி வெயில். இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை திருகோணமலையில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். பகலில் 34, 35 பாகை சாதாரணம். ஏகாம்பரம் மைதானத்தில் நாலு மணிக்கு இறங்கினால் தரையில் இருந்து வரும் சூடு முழங்கால்வரை ஏறுவதை உணரலாம். கச்சான் ஓய்ந்து கடற்காற்று வரும் பின்னேரங்களில் ஈரப்பதன் கூடும். அப்போது வேர்வை வழியுமே தவிர உலராது. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். வழிந்து சொட்டினால் தண்ணீர்தான் நட்டம், சூடு உள்ளேயே நிற்கும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து "இன்றைக்குப் பரவாயில்லை" என்று சொல்லக்கூடாது. அதனால்தான் ஃபீஃபா வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கும் ஈரக்குமிழ் அளவீட்டைப் பயன்படுத்துகிறது. அது 32 பாகையைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்க இடைநிறுத்தம் கொடுக்கவேண்டும் என்பது 2014 பிரேசில் உலகக் கிண்ணக் காலத்தில் வந்த நடைமுறை. உலகத்தின் மிகத் தகுதியான வீரர்களுக்கே அந்த விதி என்றால் நம் பிள்ளைகளுக்கு?

தண்டனை ஓட்டத்தில் ஒரு விசேட ஆபத்து இருக்கிறது. சாதாரணப் பயிற்சியில் களைத்தவன் கையை உயர்த்துவான், ஓரமாய்ப் போய் நிற்பான். தண்டனையில் நிற்கமாட்டான். நின்றால் அவமானம், நின்றால் இன்னும் இரண்டு ரவுண்ட். அவனைக் கவனித்துப் பாருங்கள். முதலில் அடி குறுகும். தோள் காதுவரை ஏறும். குதிக்கால் புழுதியில் இழுபடும். பிறகு நேராக ஓடவேண்டியவன் கோட்டை விட்டு விலகி உள்ளே வருவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பான், பதில் வராது, அல்லது சம்பந்தமில்லாத பதில் வரும். அந்தக் கட்டத்தில் அது களைப்பில்லை. உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளையைத் தொட்டிருக்கலாம். வேர்த்துக்கொண்டு இருக்கிறானே என்று ஏமாறாதீர்கள். ஓடும்போது வரும் வெப்பத் தாக்கத்தில் வேர்வை நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: உடனே குளிர்விப்பது. நிழலுக்குத் தூக்கிப்போய், மேலாடையைக் கழற்றி, தொட்டியோ பெரிய பேசினோ இருந்தால் ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்திப் பிடிக்கவேண்டும். ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கக்கத்திலும் கழுத்திலும் அரையிடுக்கிலும் ஐஸ் வைக்கவேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குமுன் உடம்பைக் குளிர்விப்பதே முதல் வேலை. முதல் அரை மணித்தியாலம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. நினைவு தெளிவில்லாதவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். 2018இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 19 வயது அமெரிக்கன் ஃபுட்போல் வீரர் ஒருவர் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியில் சரிந்து, இரண்டு வாரத்தில் இறந்தார். குளிர்நீரில் அமிழ்த்தாமல் விட்டதைப் பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது. நமக்குப் பக்கத்தில், 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயதுப் பிள்ளை உயிரிழந்த வேதனை கிழக்கில் இன்னும் ஆறவில்லை.

அன்று சரியாமல் தப்பியவனுக்கும் அடுத்த நாள் ஒன்று வரலாம். தொடை கல்லாய் இறுகி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். "சூட்டுக்குத்தான்" என்று இளநீரோடு விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இதைப் பொடியன்கள் வெட்கத்தில் வீட்டில் சொல்லமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பது பயிற்றுவிப்பாளரின் கடமை.

நோன்பு காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் அணிகளில் கிண்ணியா, மூதூர், ஜமாலியா என்று எல்லா இடத்துப் பொடியன்களும் கலந்து விளையாடுகிறார்கள். நோன்பு பிடித்தவன் பின்னேரம் நாலரைக்கு அன்று முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவன். அவனைத் தண்டனை ஓட்டத்தில் விடுவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாதத்தில் பயிற்சியை நோன்பு திறந்தபின் இரவுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நோன்பு திறக்கச் சற்று முன் மெல்லிய பந்து வேலை மட்டும் வையுங்கள்.

"எங்கட காலத்தில நாங்கள் டச்பே மணலில் ஓடினோம், எங்களுக்கு என்ன ஆனது?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். மதித்துத்தான் பதில் சொல்கிறேன். ஓடியவர்களில் தாங்கியவர்கள்தான் இன்று கதை சொல்ல இருக்கிறார்கள். முழங்கால் போய் இருபது வயதில் பந்தைக் கைவிட்டவர்களும், "இந்த ஆளிடம் போகமாட்டேன்" என்று கிரிக்கெட்டுக்குப் போனவர்களும் அந்தக் கதையில் வருவதில்லை. நல்ல இடதுகால் உள்ள பொடியன்கள் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். பந்தைக் கண்டாலே ஓடிவரும் வயதில், ஓட்டம் என்றால் தண்டனை என்று ஒரு பிள்ளைக்குப் பழக்கிவிட்டால் அவன் எந்த ஆட்டத்தில் விரும்பி ஓடுவான்?

அப்படியென்றால் தோற்ற மறுநாள் என்னதான் செய்வது? சும்மா விடவும் முடியாது, அது எனக்கும் விளங்குகிறது. திங்கட்கிழமை எல்லோரையும் வரச்சொல்லுங்கள், வராமல் விட இடம் கொடுக்காதீர்கள். யாராவது ஒருவர் ஆட்டத்தைப் போனில் எடுத்திருப்பார். மரநிழலில் உட்காரவைத்து வாங்கிய கோல்களை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் பத்து விநாடி பின்னால் போய், "இந்த நேரம் நீ எங்கே நிற்கவேணும்?" என்று அவரவரிடமே கேளுங்கள். திட்டினால் தலை குனிவான், கேட்டால் யோசிப்பான். திட்டம் பிழை என்றால் "அது என் பிழை" என்று பயிற்றுவிப்பாளர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு வெயில் தணிந்ததும் மைதானத்தில் இறங்கி, கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது என்பதை நடந்தே செய்துபாருங்கள். முந்தைய நாள் விளையாடாத மேலதிக வீரர்களுக்குப் பந்தோடு வேகப் பயிற்சி கொடுங்கள், அவர்களின் கால் புதிது. விளையாடியவர்கள் கால் மணித்தியாலம் மெல்ல ஓடி, உடம்பைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு, பருப்பு, மீன் என்று வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

உழைப்புப் போதவில்லை என்பதுதான் உண்மையான குறை என்றால், அதற்கும் இடம் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு, நாலுக்கு நாலு சிறு மைதானத்தில், பந்தை இழந்தால் ஐந்து விநாடிக்குள் திருப்பிப் பறிக்கவேண்டும் என்ற விதியோடு நாலு நிமிடம் விளையாடவிடுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு, தண்ணீர், திரும்ப நாலு நிமிடம். நாலு சுற்றில் நாக்கு வெளியே வரும். எதிர்த்தாக்குதலில் திரும்பி ஓடாத பழக்கம் அங்கேதான் திருந்தும். பரீட்சை முடிந்து நீண்ட நாளுக்குப் பிறகு வரும் பிள்ளைகளை மட்டும் உடனே இதில் போடவேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தம்பி, கடைசியாக உங்கள் அணிக்கு. பயிற்றுவிப்பாளரோடு எல்லோர் முன்னிலையிலும் வாதாடவேண்டாம். அவர் சம்பளம் வாங்காமல் தன் நேரத்தைத் தருகிறவர், தோல்வி அவருக்கும் வலித்திருக்கும். தலைவனும் வயதில் மூத்த ஒருவரும் பயிற்சிக்கு முன் தனியாகப் போய், "சேர், ஓட நாங்கள் தயார். வியாழக்கிழமை மட்ச் முடியட்டும், அதுக்குப் பிறகு பந்தோட ஓடவிடுங்கோ" என்று சொல்லட்டும். யாருக்காவது முன்பு மயக்கம் வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், வீட்டில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருந்தால், அதை அவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அவர் கேட்காவிட்டால் கழகத்தின் செயலாளரிடம் போங்கள். அதற்கிடையில் அணிக் காசில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் வாங்கி மைதானத்தில் வையுங்கள். பயிற்சி நாளில் மீன் சந்தைப் பக்கம் இருந்து ஐஸ் கொண்டுவருவது யார் என்று இப்போதே பேர் போட்டுக்கொள்ளுங்கள்.